வெட்டுத்துண்டு யாருக்குச் சொந்தம்? – ஒரு கப்பல்பட்டறை நகரத்தின் அருங்காட்சியகப் பொருட்களை முன்வைத்து

மிஷல் ஃபூக்கோ தமிழுக்கு வந்தபோது கூடவே ஒரு கட்டடமும் வந்து சேர்ந்தது. பனாப்டிகன். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் நிற்பவனுக்கு அறைகளில் உள்ள அத்தனை பேரும் தெரிவார்கள். அறைக்குள் இருப்பவனுக்கோ கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. 90களின் சிறுபத்திரிகைகளில் அதிகாரம் பற்றி எழுதியவர்கள் பலரும் இந்தக் கட்டடத்தை ஒருமுறையாவது சுற்றிவந்திருக்கிறார்கள். நாம் அதைச் சிறைச்சாலையாகவே வாசித்தோம். பிறகு பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடும்பம் என்று நீட்டிக்கொண்டோம். ஆனால் அது முதலில் சிறைக்காக யோசிக்கப்பட்டதே அல்ல. ஒரு பட்டறைக்காக யோசிக்கப்பட்டது. யோசித்தவரும் ஜெரமி பெந்தாம் இல்லை, அவருடைய தம்பி சாமுவேல் பெந்தாம். தம்பியின் தொழில் கப்பல் கட்டுவது.

இந்தத் தம்பியை வாசிக்காமல் விட்டதால் நமக்கு ஒன்று தவறிப்போனது என்று நினைக்கிறேன். 'கண்காணிப்பு' என்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டோம். எதைக் காப்பதற்காகக் கண்காணிப்பு என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டோம். இங்கிலாந்தின் கப்பல்பட்டறை நகரங்களில் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சில பொருட்கள் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கின்றன. அவற்றைப் பற்றியது இக்கட்டுரை. நான் அந்த நகரங்களுக்குப் போனவன் அல்லன். பொருட்களின் படங்கள், பட்டியல் குறிப்புகள், கப்பல்பட்டறை வரலாற்றாசிரியர்கள் எழுதியவை ஆகியவைதாம் என் முன்னால் உள்ள பிரதி. தமிழில் 'பொருள்' என்ற சொல் பண்டத்தையும் செல்வத்தையும் அர்த்தத்தையும் ஒருசேரக் குறிப்பது இந்த வாசிப்புக்கு வசதியாகவே இருக்கிறது.

முதலில் சாமுவேல். 1757இல் பிறந்தவர். 14 வயதில் வுல்விச் அரசுக் கப்பல்பட்டறையில் தலைமைக் கப்பல் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். அப்புறம் சாத்தம் பட்டறை. 1780இல் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே இளவரசர் பொட்டெம்கினின் கிரிச்செவ் பண்ணையில் – இன்றைக்கு அது பெலாரஸ் நாட்டில் இருக்கிறது – கப்பல் கட்டுவது உள்ளிட்ட பட்டறைகளை நிர்வகிக்கும் பொறுப்பு. வேலை தெரிந்தவர்கள் என்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஆட்களை மேய்ப்பதே அவருக்குப் பெரும்பாடாகப் போயிற்று. பண்ணையடிமைகளைவிட இந்த இங்கிலாந்துக்காரர்களை அடக்கத்தான் அந்த வட்டக் கட்டடம் தேவைப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 1786இல் அண்ணன் ஜெரமி தம்பியைப் பார்க்கப் போனார். திட்டத்தைக் கண்டு மயங்கி, அங்கிருந்தே கடிதங்களாக எழுதினார். 1791இல் அது புத்தகமாயிற்று. அந்தப் புத்தகத்தின் நீண்ட தலைப்பிலேயே சிறை, ஆலை, ஏழைகள் விடுதி, பைத்தியக்கார மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில் வெர்சாயில் இருந்த விலங்குக் காட்சிச்சாலை பெந்தாமுக்குத் தூண்டுதலாக இருந்திருக்குமோ என்று யோசிக்கிறார். பின்னால் ஓர் உரையாடலில் தம்பியைக் குறிப்பிடுகிறார். ஆனால் அங்கேயும் ஒரு ராணுவப் பள்ளியைப் பார்த்துத்தான் தம்பிக்கு யோசனை வந்தது என்று முடித்துக்கொள்கிறார். விலங்குச்சாலை வந்தது, ராணுவப் பள்ளி வந்தது. மரமும் வாச்சியும் உளியும் கிடந்த பட்டறை மட்டும் வரவில்லை.

சாமுவேல் 1791இல் நாடு திரும்பினார். 1796இல் கடற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளர் என்ற பதவி அவருக்காகவே உண்டாக்கப்பட்டது. பிரான்சோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அவர் கைவைத்த முக்கியமான இடம் போர்ட்ஸ்மவுத்.

போர்ட்ஸ்மவுத் இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகம். 1495இல் ஏழாம் ஹென்றி காலத்தில் இங்கே உலர்துறை கட்டப்பட்டது. நீராவி ஆலைகள் பெருகுவதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், ஒரே மதிலுக்குள் 2000க்கும் மேற்பட்டவர்கள் மணியடித்ததும் உள்ளே போய் மணியடித்ததும் வெளியே வந்த இடம். தொழிற்புரட்சி என்றால் மான்செஸ்டர் பஞ்சாலை என்றே நமக்குப் பாடம். அரசின் யுத்தத் தேவைக்காக ஓடிய இந்தப் பட்டறைகளை அந்தக் கதையாடல் ஓரத்தில்கூடச் சேர்த்துக்கொள்வதில்லை.

*

இப்போது ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கப்பி. கிணற்றில் தொங்குகிற அதே கப்பிதான். தெற்கே சில ஊர்களில் சகடை என்போம். எல்ம் மரத்தில் செய்த கூடு, அதற்குள் லிக்னம் விட்டே என்ற இரும்புபோன்ற மரத்தில் கடைந்த உருளை, உருளையின் நடுவே உலோகப் புஷ், ஊடே ஓர் அச்சு. அவ்வளவுதான். பாய்மரக் கப்பலில் பாயை ஏற்றுவது, இறக்குவது, திருப்புவது, பீரங்கியை இழுப்பது எல்லாமே இதன் வழியாக ஓடும் கயிற்றால். 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 1000 கப்பிகள் வேண்டும். கடற்படை முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டது.

இதைச் செய்வதற்கு இயந்திரங்களை வரைந்தவர் மார்க் இசம்பார்ட் புரூனல். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி அமெரிக்கா போய் அங்கிருந்து இங்கிலாந்து வந்த அரச விசுவாசி. செய்து கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. இடம் கொடுத்து, நீராவி கொடுத்து, மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கியவர் சாமுவேல் பெந்தாம். 1802இல் தொடங்கி 1806 வாக்கில் 45 இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஓர் இயந்திரம் அறுக்கும், அடுத்தது துளையிடும், அடுத்தது உளியைத் தானே ஏற்றி இறக்கித் துளையை நீளமாக்கும், அடுத்தது மூலை நறுக்கும், அதற்கடுத்தது ஒரே சக்கரத்தில் 10 கப்பிகளை மாட்டிச் சுழற்றி வெளிப்புறத்தை ஒரே வடிவமாகச் செதுக்கும், கடைசியில் கயிறு உட்காரப் பள்ளம் வெட்டும். உருளைக்கு இன்னொரு வரிசை. உலோகத்தாலான இயந்திரங்களைக் கொண்டு ஒரே மாதிரிப் பொருளைப் பெருந்தொகையாகச் செய்த முதல் இடங்களில் ஒன்று என்று தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இதைச் சொல்லும். 1808இல் 130,000 கப்பிகள் வெளியே வந்தன. டிரஃபால்கர் யுத்தத்துக்குப் புறப்பட்ட அன்று காலை, 1805 செப்டம்பர் 14இல், நெல்சன் இந்த ஆலையை வந்து பார்த்துவிட்டுத்தான் கப்பலேறினார் என்பார்கள். சில இயந்திரங்கள் 1960கள் வரை ஓடியிருக்கின்றன. இன்று அவற்றில் பல லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியனுக்கும் சில போய்விட்டன. இயந்திரங்கள் ஓடிய கட்டடம் போர்ட்ஸ்மவுத்தில் கடற்படைத் தளத்துக்குள்ளேயே நிற்கிறது.

எங்கே இதைப் பற்றிப் படித்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: திறன்மிக்க 110 பேர் செய்த வேலையைத் திறனற்ற 10 பேர் செய்தார்கள். சாதனையாகவே இது சொல்லப்படுகிறது. நான் இந்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். 'திறனற்ற' என்ற பெயரடை அந்தப் பத்துப் பேரைப் பற்றிய தகவலா, இயந்திரத்தைப் பற்றிய தகவலா? மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, உளி எங்கே சறுக்கும், எல்ம் எந்த ஈரத்தில் வெடிக்கும் என்கிற அறிவு ஒருவன் கைக்குள் இருந்தது. அது இரும்புச் சட்டத்துக்குள் போயிற்று. கைக்கு மிச்சமிருந்தது கட்டையை மாட்டுவதும் கழற்றுவதும். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் இயந்திரங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் மாட்ஸ்லேயின் பெயரைச் சொல்லியே இதைக் குறிப்பிடுகிறார்: வெட்டுகருவியைப் பிடித்திருந்த மனிதக் கையின் இடத்தில் ஒரு பொறி வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டியல் குறிப்பில் கண்டுபிடித்தவர் பெயர், செய்தவர் பெயர், ஆண்டு, அளவு, உலோகம் எல்லாம் உண்டு. ஓட்டியவர் பெயருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. இதை யாரோ வேண்டுமென்றே மறைத்த சதி என்று நான் சொல்லவரவில்லை. படிவத்தின் இலக்கணம் அப்படி. எழுவாயாக நிற்பதற்கு இயந்திரத்துக்குத்தான் அதில் உரிமை.

இங்கே ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 'கை நல்லது, இயந்திரம் கெட்டது' என்கிற சின்னப்பிள்ளைத்தனமான எதிர்மைக்குள் விழுந்துவிடுவோம். புரூனலுக்கு முன்னால் கடற்படைக்குக் கப்பி கொடுத்தவர்கள் சவுத்தாம்ப்டன் டெய்லர் குடும்பத்தார். அவர்களே தண்ணீர்ச் சக்கரத்தையும் வட்ட ரம்பத்தையும் பயன்படுத்தியவர்கள்தாம். தவிர, கப்பி ஆலை வந்ததால் போர்ட்ஸ்மவுத்தின் கப்பல் தச்சர்களுக்கு – நம் கடற்கரைச் சொல்லில் ஓடாவிகளுக்கு – உடனே வேலை போய்விடவும் இல்லை. கப்பலின் உடலை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கையால்தான் கட்டினார்கள். அப்படியானால் சாமுவேல் எதற்கு இவ்வளவு பாடுபட்டார்? ஆலை கப்பியை மட்டும் உற்பத்தி செய்யவில்லை என்பதே என் வாசிப்பு. மதிலுக்குள் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியைக் கண்முன் நிறுத்திக் காட்டிற்று. இங்கே கோபுரம் தேவையில்லை. சுழலும் தண்டின் வேகமே மேற்பார்வையாளன்.

*

அந்த மதிலுக்குள் அப்போது நடந்துகொண்டிருந்த சண்டைக்கு ஒரு பெயர் உண்டு: சிப்ஸ். உருளைக்கிழங்கு இல்லை. கப்பலுக்கு மரம் வெட்டும்போது விழுகிற துண்டு. 3 அடிக்குக் குறைவான வெட்டுத்துண்டுகளை ஓடாவிகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அடுப்புக்கு எரிப்பார்கள், விற்பார்கள், அலமாரி செய்வார்கள், வீட்டைப் பழுதுபார்ப்பார்கள். கப்பல்பட்டறை நகரங்களின் பழைய வீடுகளில் படிகளும் ஜன்னல் கதவுகளும் 3 அடிக்குள்ளேயே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்வதுண்டு.

இந்த வழக்கத்தின் கனம் புரிய வேண்டுமானால் கூலியைப் பார்க்க வேண்டும். கப்பல் தச்சரின் நாள்கூலி 2 ஷில்லிங் 1 பென்னி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்த விகிதம் 18ஆம் நூற்றாண்டு நெடுகிலும் அப்படியே கிடந்தது. அதையும் மூன்று மாதத்துக்கொருமுறைதான் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கும் நிலுவையில் நிற்கும். பணம் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். கடன்காரனுக்குப் பதில் சொல்லியே வாழ்க்கை. அன்றன்றைக்குக் கையில் வருவது அக்குளில் இடுக்கிய இந்தக் கட்டைதான். அரசு காகிதத்தில் தந்தது கூலி. தச்சர் உடம்பில் சுமந்து போனது சிப்ஸ்.

அதிகாரிகள் தரப்பிலும் வாதம் இல்லாமல் இல்லை. மாலை மணியடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே எல்லாரும் கப்பல் வேலையை விட்டுவிட்டு நல்ல ஓக் மரத்தையே வேண்டுமென்று 3 அடிக்கு நறுக்குகிறார்கள் என்றார்கள். உண்மையும் இருந்திருக்கும். 1753இல் ஓர் ஆணை: கட்டைகளைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமக்கக் கூடாது, கைக்குள் உதிரியாக இடுக்கியபடிதான் வாசலைக் கடக்க வேண்டும். சும்மா பார்த்தால் அற்பமான ஆணை. ஆனால் தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கினால் பாதிக் கட்டை போயிற்று. 1750களில் சாத்தம் வாசலில் தோளிலிருந்து இறக்கமாட்டேன் என்று தச்சர்கள் காவலுக்கு நின்ற சிப்பாய்களோடு மோதினார்கள். பீட்டர் லைன்பா 1991இல் எழுதிய 'த லண்டன் ஹேங்ட்' நூலில் டெட்ஃபோர்ட் பட்டறையை வைத்து ஓர் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றிப் பேசுகிறார். வழக்கம் எப்படிக் 'களவு' ஆகிறது, கூலி எப்படிக் காசு மட்டும் என்று ஆகிறது என்பதே அவர் விஷயம். பனாப்டிகன் கட்டுரைகளோடு சேர்த்துத் தமிழில் வந்திருக்க வேண்டிய அத்தியாயம் அது.

1801ஆம் ஆண்டைப் பாருங்கள். ரொட்டி விலை ஏறி வசந்தகாலத்தில் பட்டறைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். பட்டறைகளிலிருந்து பிரதிநிதிகள் லண்டனில் கூடினார்கள். கடற்படையின் புதிய தலைவரான செயின்ட் வின்சென்ட் பிரபு பிரதிநிதிகளை வேலையிலிருந்து துரத்தினார். அவர்களோடு நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு சிப்ஸ் உரிமை ஒழிக்கப்பட்டது. தச்சருக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், எடுபிடி ஆளுக்கு 3 பென்ஸ் ஈடு. அதே ஆண்டு புரூனல் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து வாசிக்கிறவர்கள் குறைவு. கூலிப் போராட்டம் தொழிற்சங்க வரலாற்றுக்குப் போய்விடும், சிப்ஸ் சமூக வரலாற்றுக்கு, இயந்திரம் அருங்காட்சியகத்துக்கு. காப்புரிமை என்பதும் சிப்ஸ் என்பதும் அடிப்படையில் ஒரே வகைக் கோரிக்கை: இது என் கையிலிருந்து வந்தது, இதில் எனக்குப் பங்குண்டு. புரூனலுக்கு அந்தக் கோரிக்கை சட்டமாகக் கிடைத்தது. ஓராண்டில் மிச்சமான செலவைக் கணக்கிட்டு ஏறத்தாழ 17,000 பவுண்டு கொடுத்தார்கள். தச்சரின் கோரிக்கை 6 பென்ஸாகச் சுருட்டப்பட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரம் வரும். வெட்டுத்துண்டு வராது. எரிந்து சாம்பலானதற்கும் படிக்கட்டாகிப் போனதற்கும் பதிவெண் கொடுக்க முடியாது அல்லவா. தோற்றவன் பொருள் அநேகமாகச் சாப்பிடப்பட்டோ எரிக்கப்பட்டோ போயிருக்கும். ஜெயித்தவன் கருவிக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் வேடிக்கையானது. சாத்தம் பட்டறையில் 1995இல் சக்கரத் தச்சர்களின் பட்டறைத் தரையைப் பெயர்த்தபோது அடியில் ஒரு பெரிய போர்க்கப்பலின் மரங்கள் வரிசையாகப் புதைந்து கிடந்தன. 1756இல் அங்கேயே நீரில் இறக்கிய நாமூர் என்ற கப்பல் அது என்று பின்னர் உறுதிசெய்தார்கள். அடிமையாகக் கடத்தப்பட்டுப் பிற்பாடு தன் வாழ்க்கையை எழுதிய ஒலாடா இக்வியானோ வேலை செய்த கப்பல். உடைத்த கப்பலின் மரத்தை நிர்வாகம் தரைக்கு அடியில் போட்டு வைத்திருந்தது. இன்று அது பட்டறையின் தலையாய காட்சிப்பொருள். அதாவது நிர்வாகம் எடுத்து வைத்துக்கொண்ட பழைய மரம் பாரம்பரியம்; தச்சன் எடுத்துப் போனது சிப்ஸ்.

*

கண்காணிப்பின் குறிகளை வாசிக்க விரும்புகிறவர்களுக்குக் கப்பல்பட்டறை அருங்காட்சியகங்களில் நல்ல வேட்டை. கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படைக் கயிற்றின் புரிக்குள் ஒரேயொரு இழை மட்டும் மாறிக் கிடக்கும். எதிர்ப்பக்கமாக முறுக்கியதாகவோ வேறு நிறத்திலோ. 'ரோக்ஸ் யார்ன்' என்று பெயர். கள்ள இழை எனலாம். பட்டறைக்குப் பட்டறை நிறம் வேறு. கயிற்றை எங்கே வெட்டினாலும் உள்ளேயிருந்து அது அரசின் கயிறு என்று காட்டிக்கொடுத்துவிடும். வெளியே கோபுரம் வைத்துப் பார்க்காமல் பொருளின் குடலுக்குள்ளேயே ஒற்றனை வைத்து முறுக்கிவிட்டார்கள். 1698ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த இழையையும் அகன்ற அம்புக்குறியையும் அரசின் அடையாளமாக்கி, அவை உள்ள சாமானை வைத்திருந்தாலே குற்றம் என்றது. எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவன் பாடு.

அம்புக்குறி இன்னும் சுவாரசியமானது. ஓக் மரத்தில், செப்புத் தகட்டில், ஆணியில், பீரங்கியில் எல்லாம் அது இருக்கும். பிற்பாடு கைதிகளின் சட்டையிலும் ஏறியது. போர்ட்ஸ்மவுத் துறையில் பழைய கப்பல்களைச் சிறையாக்கிக் கைதிகளை அடைத்து வைத்து டாக்யார்டு வேலைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒரே குறி மரத்திலும் மனிதன் மேலும். குறிப்பான் ஒன்று, குறிப்பீடுகள் இரண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். குறிப்பீடும் ஒன்றேதான் என்பது அம்பு போட்டவனின் கருத்து.

பித்தளை வில்லைகளும் உண்டு. எண் பொறித்த டோக்கன். உள்ளே போகும்போது எடுக்க வேண்டும், வெளியே வரும்போது போட வேண்டும். வில்லை ஆணியில் தொங்கினால் ஆள் இல்லை, அரைநாள் கூலி காலி. இன்றைக்குப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதை விலைகொடுத்து வாங்குகிறார்கள். எண்ணுக்குரிய ஆள் யார் என்று கேட்பவர் அபூர்வம்.

*

இவ்வளவும் இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். மரம் என்று பேச்சு வந்தால் கதை இங்கிலாந்துக்குள் நிற்பதில்லை. இங்கிலாந்தில் ஓக் தீர்ந்துகொண்டு வந்தது. 1805இல், கப்பி ஆலை முழுவேகத்துக்கு வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், கடற்படைக்கு மலபார்த் தேக்கு எவ்வளவு தொடர்ந்து கிடைக்கும் என்று லண்டனிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் விசாரித்து எழுதினார்கள். 1806இல் கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரி காடுகளின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. தேக்கு முழுவதும் கம்பெனிக்கே உரியது. காட்டுக்காரரோ வியாபாரியோ வெட்டக் கூடாது. எதிர்ப்பு வலுத்து, தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது 1823இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது. போர்ட்ஸ்மவுத் தச்சரின் அக்குளில் இருந்த கட்டையும் மலபார் மலைச்சரிவில் நின்ற மரமும் 5 ஆண்டு இடைவெளியில் ஒரே கடற்படையின் பெயரால் 'அரசின் சொத்து' ஆயின. இரண்டையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். தச்சருக்கு 6 பென்ஸாவது கிடைத்தது.

இந்த இரண்டு கதைகளும் முட்டிக்கொள்ளும் ஒரு பொருள் இன்றைக்கும் மிதக்கிறது. 1812இல் கடற்படை பம்பாயில் ஒரு கப்பலுக்கு உத்தரவிட்டது. வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை அமெரிக்கர்கள் அழித்துவிட்டதால் இன்னொரு பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. கட்டியவர் பார்ஸி தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் தேக்கு. ஆங்கிலத்தின் 'டீக்' நம்முடைய தேக்குதான், போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கினார்கள். பெயர் டிரிங்கோமலி – நம் திருகோணமலை, 1795இல் டச்சுக்காரரிடமிருந்து பிடித்த துறைமுகம். 1819இல் அது போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்தது. நெப்போலியன் யுத்தம் முடிந்துபோனதால் வேலை இல்லை. பாய்மரத்தைக் கழற்றி ஓரமாகக் கட்டிப்போட்டார்கள். 1847இல்தான் முதன்முதலாகச் சேவைக்குப் போயிற்று. 1897இல் உடைப்பதற்கு விற்றார்கள். அதிலிருந்து தப்பிப் பயிற்சிக் கப்பலானபோது, நெல்சனின் பழைய கப்பல் ஒன்றின் நினைவாகப் 'ஃபூத்ராயான்' என்று பிரெஞ்சுப் பெயரை ஒட்டினார்கள். 1932இல் போர்ட்ஸ்மவுத் துறைக்கு வந்து 1980கள் வரை அங்கேயே நின்றது. பம்பாய்த் தச்சர் கட்டிய கப்பல் திருகோணமலை என்ற பெயரையும் இழந்து, ஒரு கப்பல்பட்டறை நகரத்தின் கண்முன்னே அரை நூற்றாண்டு நின்றிருக்கிறது. 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது.

அந்த 1980களில்தான் கப்பல்பட்டறைகள் அருங்காட்சியகமாயின. 1981 ஜூனில் தாட்சர் அரசின் பாதுகாப்புத் துறை அறிக்கை சாத்தமை மூடுவதாகவும் போர்ட்ஸ்மவுத்தைச் சுருக்குவதாகவும் சொன்னது. அடுத்த ஆண்டு ஃபாக்லாந்து யுத்தம் வந்தது. வேலைநீக்க அறிவிப்பு வாங்கிய அதே தொழிலாளர்கள்தாம் இரவு பகலாகக் கப்பல்களைத் தயார்செய்து அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு வேலையை விட்டுப் போனார்கள். 1984இல் சாத்தம் மூடப்பட்டது. போர்ட்ஸ்மவுத் அரசுக் கப்பல்பட்டறை என்ற நிலையை இழந்து பழுதுபார்க்கும் தளமாகச் சுருங்கியது. 1982இல் மேரி ரோஸ் கப்பலைக் கடலடியிலிருந்து தூக்கியாயிற்று. கட்டணம் வாங்கிக்கொண்டு காட்ட ஒரு பொருள் கிடைத்துவிட்டது. ராபர்ட் ஹெவிசன் 1987இல் இதற்குப் 'பாரம்பரியத் தொழில்' என்று பெயர் வைத்துத் திட்டினார். ரஃபேல் சாமுவேல் 1994இல் அதற்கு எதிராக எழுதினார்: சாதாரண மக்கள் தங்கள் கடந்தகாலத்தைத் தொட்டுப் பார்ப்பதை மேட்டிமை பேசி ஒதுக்காதீர்கள் என்று. எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு. முன்னாள் தொழிலாளர்களே தங்கள் வாச்சியையும் வில்லையையும் எடுத்துக்கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதை எந்தக் கோட்பாடும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த பொருட்களையும் அந்தப் பழைய படிவத்திலேயே பதிவது என்றால் எதற்கு?

1987இல் நடந்த ஒரு கொடுக்கல்வாங்கலைச் சொல்ல வேண்டும். வடகிழக்கில் ஹார்ட்டில்பூல் என்றொரு நகரம். கப்பல் கட்டிப் பிழைத்த ஊர். அதன் பெரிய கிரே பட்டறை 1960களிலேயே மூடிப்போனது. அங்கே உள்ளூர் ஆட்கள் பல ஆண்டுகள் உழைத்து வாரியர் என்ற பழைய இரும்புக் கப்பலைப் புதுப்பித்தார்கள். அந்த ஜூனில் வாரியர் இழுத்துவரப்பட்டு போர்ட்ஸ்மவுத்தில் காட்சிக்கு நின்றது. அடுத்த மாதமே போர்ட்ஸ்மவுத்திலிருந்த தேக்குக் கப்பல் ஹார்ட்டில்பூலுக்கு ஏற்றி அனுப்பப்பட்டது. அங்கே அதன் மீதான வேலை 1990இல் தொடங்கி 2001 வரை நடந்தது. வேலையில்லாத இரண்டு கப்பல்பட்டறை நகரங்கள் தங்களுக்குள் பழைய கப்பலை மாற்றிக்கொண்டன. போர்ட்ஸ்மவுத்தில் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திவந்த புதுக் கப்பல் கட்டும் வேலையும் 2014இல் நின்றது. 940 வேலைகள் போகும் என்று முந்தைய நவம்பரில் அறிவித்தார்கள். ஹார்ட்டில்பூலில் அந்தத் தேக்குக் கப்பல் இப்போதும் தண்ணீரில் இருக்கிறது. பிரிட்டனில் இன்றும் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் என்று நுழைவுச்சீட்டு வாங்குபவர்களுக்குச் சொல்கிறார்கள். புதுப்பிக்கும்போது கழற்றிய பழைய தேக்குத் துண்டுகள் எங்கே போயின, யார் எடுத்துப் போனார்கள் என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.